எதிர்க்கட்சி பேசவில்லை

ரயில் நிலையத்தில் அவருக்கு விசாரணை என்று பெயர். கவுன்டருக்கு மேலே மாட்டியிருந்த பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது, மனிதருக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. விசாரணை வந்தாச்சா, விசாரணைக்கு ஒரு டீ என்று போர்ட்டர்களும் டீக்கடைக்காரரும் சொல்லிச் சொல்லி, அவரே சில சமயம் ஞாபகமில்லாமல் வாடகை வீட்டுச் சொந்தக்காரரிடம்கூட "விசாரணை பேசறேன்" என்று தொலைபேசியில் ஆரம்பித்துவிடுவார். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட அக்கா ஒருத்திதான் மிச்சம். அவளும் ஊரின் மறுகோடியில் பேரன் பேத்தி என்று மூழ்கிக் கிடந்தாள்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த ஊரில் என்னென்ன பார்க்கலாம் என்று சொல்வது அவர் வேலை. வரைபடத்தை விரித்துச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டபடி, கலங்கரை விளக்கத்துக்கு வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், பாதிப் படியில் ஒரு சின்ன ஜன்னல் வரும், அங்கே நின்று பாருங்கள், உச்சியைவிட அதுதான் நன்றாயிருக்கும், இறங்கினதும் மீன் சந்தை வழியாக நடந்து பழைய துறைமுகம் என்று மூச்சு விடாமல் சொல்வார். வந்தவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள். அவர் வாழ்க்கையில் அதிகமாகச் சொன்ன வாக்கியம் "நேராப் போய் இடது பக்கம்" என்பதாகத்தான் இருக்கும்.

கவுன்டர் கட்டின மகராசன் எவனோ, ஜன்னலை இடுப்பு உயரத்தில் வைத்துத் தொலைத்தான். மேல்பாதிக் கண்ணாடி முழுக்க ரயில் நேர அட்டவணை ஒட்டியிருந்தது. ஆகவே வருகிறவர்களின் முகம் அவருக்குத் தெரியாது, அவர் முகம் அவர்களுக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கைகள்தான். பலகை மேல் வந்து விழும் கையைப் பார்த்தே இது குடும்பத்தோடு வந்திருக்கிறது, இது மலை ஏறாது, இது வெயில் தாங்காது என்று கணக்குப் போட்டுவிடுவார். குனிந்து முகத்தைப் பார்க்கலாமே என்றால், எதற்கு, கைக்குத்தானே வரைபடம் கொடுக்கப் போகிறோம் என்பார்.

சாயங்காலம் கவுன்டரின் இரும்புக் கதவை இழுத்து இறக்கிவிட்டு நடந்து போனால், சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, அடுப்பு, ஒரு ஜன்னல். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டால் ஒரு காரணமும் சொல்லத் தெரியாது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இருந்தது, அப்புறம் அம்மாவுக்கு, அப்புறம் கேட்பதற்கு ஆளில்லை, அவ்வளவுதான். சமைத்துச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்த பிறகு அந்த அறையில் சத்தம் என்றால் கீழே கடைக்காரர் கதவைச் சாத்தும் சத்தம்தான். சில நாட்களில் அடுப்பைப் பார்த்து, "அணைச்சேனா?" என்று வாய்விட்டுக் கேட்பார். தன் குரலைக் கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்பது அது. அணைத்தது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இப்படிப்பட்ட மனிதர் காலையில் மட்டும் துள்ளிக்கொண்டு வேலைக்குப் போவார். அதற்குக் காரணம் எதிர்க்கட்சி.

அதைச் சொல்வதற்கு முன்னால் ஊர்ச் சண்டையைச் சொல்லியாக வேண்டும். இந்த ஊருக்குக் கடல் உண்டு. ரயிலில் ஏறி, ஆற்றுப் பாலம் தாண்டி, ஒரு குட்டித் தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும் பக்கத்து ஊருக்கு மலை உண்டு. இவர்களுக்கு அவர்களைக் கண்டால் ஆகாது, அவர்களுக்கு இவர்களைக் கண்டால் இளக்காரம். வெட்டுக்குத்து ஒன்றும் கிடையாது, எல்லாம் வாய்ச்சண்டைதான். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் இந்தக் கடற்கரையில் ஒரு திமிங்கலம் ஒதுங்கிச் செத்தது. மாதக்கணக்கில் மூக்கைப் பொத்திக்கொண்டு அலைந்தது இந்த ஊர்ச் சனம். எலும்புக்கூட்டை வைக்க இங்கே பெரிய கூடம் இல்லை என்று அதைத் தூக்கிக்கொண்டு போய் மலை ஊர் அருங்காட்சியகத்தில் நிறுத்திவிட்டார்கள். நாற்றம் எங்களுக்கு, பெருமை அவர்களுக்கா என்று இந்த ஊரில் இன்றைக்கும் வயிறு எரிவார்கள். அவர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? உங்கள் கலங்கரை விளக்கத்தின் கல் ஒவ்வொன்றும் எங்கள் மலையில் வெட்டினது, எங்கள் மலையைத்தான் நீங்கள் காசு வாங்கிக்கொண்டு காட்டுகிறீர்கள் என்பார்கள்.

மலை ஊர் ரயில் நிலையத்திலும் இதே போல ஒரு விசாரணைக் கவுன்டர். அதில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குத்தான் எதிர்க்கட்சி என்று இவர் பெயர் வைத்தார். காலையில் கவுன்டர் திறந்ததும் இரண்டு ஊரும் தொலைபேசியில் பேசிக்கொள்ள வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. எந்த விடுதியில் அறை இருக்கிறது, எந்த இடம் இன்றைக்கு மூடியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம், டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. இவர்கள் இருவரும் அதை முதல் பயணி வந்து நிற்கும் வரைக்கும் இழுப்பார்கள்.

உங்கள் மணிக்கூண்டு இன்றைக்காவது ஓடுகிறதா என்று இவர் ஆரம்பிப்பார். எங்கள் ஊரில் யாருக்கும் அவசரமில்லை, உங்கள் ஊரில்தான் அலைகூட நிற்காமல் ஓடுகிறது என்று பதில் வரும். உங்கள் மலையில் ஏறினால் என்ன தெரியும், எங்கள் கடல்தானே தெரியும் என்பார் இவர். அதனால்தான் உங்கள் ஊரைத் தூரத்திலிருந்து பார்த்தால் போதும் என்று எல்லோரும் இங்கேயே தங்கிவிடுகிறார்கள் என்பார் அந்த அம்மா. கொஞ்சம் கனத்த குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டே பேசுகிற குரல். அந்தக் குரலுக்கு இவர் மனத்துக்குள் உயரமான, வாட்டசாட்டமான ஓர் உருவத்தைக் கொடுத்து வைத்திருந்தார்.

இருவருமே வாயால் "தோத்துட்டேன்" என்று சொல்கிற ஜாதி இல்லை. ஆகவே அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பதில் சொல்ல முடியாமல் மாட்டிக்கொண்டவர் மேஜையில் விரலால் இரண்டு முறை தட்ட வேண்டும். டொக் டொக். சரி, ஒத்துக்கொண்டேன், இன்றைக்கு நீங்கள் ஜெயித்தீர்கள் என்று அர்த்தம். இவர் அடிக்கடி தட்டியிருக்கிறார். அந்த அம்மா தட்டுவது அபூர்வம். தட்டிவிட்டால் அன்று முழுக்க இவர் கழிப்பறைக்கு வழி சொல்லும்போதுகூடச் சந்தோஷமாகச் சொல்வார்.

ஒருமுறை பந்தயமும் வைத்தார்கள். யார் முதலில் அடுத்தவர் ஊரில் கால் வைக்கிறாரோ அவர் தோற்றார். தோற்றவர் நேரே அடுத்தவரின் கவுன்டருக்குப் போய், நாலு பேர் காதில் விழும்படி "உங்க ஊர்தான் அழகு" என்று சொல்ல வேண்டும். விளையாட்டாக வைத்தது, வருஷங்கள் ஓடிவிட்டன. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சுற்றுலா போய் அந்த ஊர் மலையடிவாரத்தில் வாந்தி எடுத்ததோடு சரி, அதற்கப்புறம் இவர் அந்தப் பக்கம் போகவில்லை. அங்கே அவர் பார்க்காத இடங்களுக்கெல்லாம் அந்த அம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்து எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறார். "திமிங்கலத்தை முன்வாசல் வழியாப் போய்ப் பாக்காதீங்க. பக்கத்து வாசல்ல நுழைஞ்சு வாலிலேர்ந்து நடந்து போங்க, அப்பத்தான் எவ்வளவு பெரிசுன்னு உறைக்கும்." இதைச் சொல்லும்போது அவருக்குத் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். ரயிலில் ஏறினால் கண்ணயர்வதற்குள் போய்விடலாம். வீம்பு, வேறென்ன.

பிறகு அந்தக் குரல் கட்ட ஆரம்பித்தது. என்ன, மலைத் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லையா என்று இவர் கிண்டல் செய்தார். உங்கள் ஊர் உப்புக் காற்று இங்கே வரைக்கும் வீசுகிறது என்று பதில் வந்தது. சில வாரங்கள் அப்படியே கரகரவென்று போயிற்று. ஒரு நாள் இவர் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டார். உங்கள் ஊரில் பார்க்க இருப்பதே அந்தத் திமிங்கலம் ஒன்றுதான், அதுவும் எங்களுடையது, அது இல்லாவிட்டால் உங்கள் ஊர்ப் பெயரே ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது என்றார். பதிலடி வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. இரண்டு தட்டும் கேட்கவில்லை.

"ஒரு தடவை வந்து பாத்துட்டுப் பேசுங்க," என்றார் அந்த அம்மா. அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் வேறொரு குரல் வந்தது. ஆண் குரல், வறட்டுக் குரல். விடுதிகளைச் சொல்லிற்று, ஏரியில் படகு உண்டு என்று சொல்லிற்று, வைத்துவிட்டது. இவர் திகைத்துப் போய் ரிசீவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே அந்த அம்மா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கோபித்துக்கொண்டு லீவு போட்டிருக்கிறார், நானாக விசாரித்தால் இறங்கிப்போன மாதிரி ஆகும், பார்க்கலாம், எத்தனை நாள் தாங்குகிறார் என்று இருந்துவிட்டார். விசாரணை என்று பெயர் வைத்துக்கொண்டு விசாரிக்காமல் இருந்த மனிதர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

வாரங்கள் போயின. வறட்டுக் குரல்தான் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் இவர் அதனிடம் மணிக்கூண்டு ஓடுகிறதா என்று கேட்டுப் பார்த்தார். "அது நம்ம லிஸ்ட்ல இல்லையே சார்" என்று பதில் வந்தது. அன்றைக்கு ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை. நாள் முழுக்கத் தான் பேசினதையெல்லாம் யோசித்துப் பார்த்தார். நேராப் போங்க, இடது பக்கம், இன்னிக்கு மூடியிருக்கு, அடுத்த ரயில் மூணாவது மேடை. தன்னை ஒரு வார்த்தை கேட்டவர் யாரும் இல்லை, தான் கேட்டதாகவும் ஞாபகமில்லை. காலையில் அந்தக் கொஞ்ச நேரம் பேசியதில்தான் மிச்ச நாளெல்லாம் ஓடியிருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அதற்கப்புறம் அவர் சிடுசிடுப்பாக ஆகிப்போனார். வரைபடத்தை நீட்டினால் போதும் என்று ஆயிற்று. சின்ன ஜன்னலைப் பற்றிச் சொல்வதை விட்டுவிட்டார். பொறுமையில்லாதவர்கள் பலகையைத் தட்டினால் முன்பெல்லாம் கண்டுகொள்ள மாட்டார், இப்போது வள்ளென்று விழுந்தார். ஒரு மத்தியானம், ரயில் வந்த கூட்டத்தில், ஓர் இளம்பெண் வந்து இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டாள். சொன்னார். பக்கத்து ஊரிலும் பார்க்க நிறைய இடம் இருக்கிறதாமே என்றாள். "அங்க என்ன இருக்கு? திரும்பி வர்ற ரயில் இருக்கு" என்றார், அது இந்த ஊரின் பழைய நையாண்டி. அப்போது அந்தப் பெண்ணின் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை வந்தது. வயதான கை, சின்னக் கை, ஒரு மெல்லிய மோதிரம். பலகையில் இரண்டு முறை தட்டிற்று.

"தட்டாதீங்கம்மா. இது என்ன கதவா?" என்றார் இவர்.

கை அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு பின்னால் போய்விட்டது. அடுத்த ஆள் கழிப்பறை கேட்டார்.

கடைசியில் ஒரு காலையில் இவருக்குத் தாங்கவில்லை. வறட்டுக் குரல் வைக்கப் போகும் சமயத்தில், முன்னாடி ஒரு அம்மா இருப்பாங்களே, அவங்க லீவு இன்னும் முடியலையா என்று கேட்டுவிட்டார். கேட்டதும் காது சூடாயிற்று.

"அவங்களா? தொண்டையில ஆபரேஷன் சார். குரலே போயிடுச்சு. வேலையை விட்டுட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா? இன்னிக்குப் படகு கிடையாது, குறிச்சுக்கிட்டீங்களா?"

குறிச்சுக்கிட்டேன் என்றார் இவர். எதையும் குறிக்கவில்லை.

விடுமுறை நாளில் அக்கா வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். வரவில்லை என்று சொல்ல அவளைக் கூப்பிட்டார். எங்கே போகிறாய் என்று அக்கா கேட்க, மலை ஊருக்கு என்றார். "உடம்பு ஏதாவது சரியில்லையாடா?" என்றாள் அக்கா. கடல் ஊர்க்காரன் ஒருத்தன் விடுமுறையில் மலை ஊருக்குப் போகிறான் என்றால் அங்கே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஒருத்தரைப் பார்க்கணும் என்று சொல்லிவிட்டு, யாரை என்று அவள் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

ரயில் பாலத்தைத் தாண்டியது. தூக்கம் வரவில்லை. மலை ஊர் ரயில் நிலையத்தில் இறங்கி விசாரணைக் கவுன்டரைத் தேடினார். இங்கே ஜன்னல் முக உயரத்தில் இருந்தது. வறட்டுக் குரலுக்கு உரியவர் நல்ல குண்டான, சாதுவான மனிதர். டிக்கெட் பகுதியிலிருந்து இங்கே மாற்றிவிட்டார்களாம், ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாதாம், வருத்தப்பட்டார். அந்த அம்மாவின் வீட்டை மட்டும் சொல்லத் தெரிந்தது. மலைப்படிக்குப் பின்னால் உள்ள தெரு, பச்சைக் கேட்டு.

காலையிலேயே ஒரு வீட்டில் போய் நிற்கக் கூச்சமாக இருந்தது. போய் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. கால் தானாக அருங்காட்சியகத்துப் பக்கம் போயிற்று. வழி யாரிடமும் கேட்கவில்லை. எத்தனை பேருக்குச் சொன்ன வழி! மணிக்கூண்டிலிருந்து வலது பக்கம், மரங்கள் உள்ள தெரு முழுக்க நடந்தால் முடிவில் பழுப்புக் கட்டடம். மணிக்கூண்டு ஓடிக்கொண்டிருந்தது, நேரமும் சரியாகவே காட்டியது. முன்வாசலை விட்டுவிட்டுப் பக்கத்து வாசலில் நுழைந்தார். உள்ளே அரையிருட்டு, வேறு ஆள் கிடையாது. வால் எலும்பு அவர் கையளவில் ஆரம்பித்தது. நடந்தார். முதுகெலும்பு தடித்துக்கொண்டே போயிற்று. இன்னும் நடந்தார். விலா எலும்புகள் அவர் தலைக்கு மேலே கூரை போட்டிருந்தன. தலை வந்து சேர்வதற்குள் அவருக்கு மூச்சு வாங்கிற்று.

அப்பா, எவ்வளவு பெரிசு என்று சொல்லத் திரும்பினார். சொல்ல ஆளில்லை. வாழ்க்கையில் எத்தனையோ முறை தனியாக நின்றிருக்கிறார், அப்போதெல்லாம் அது அவருக்கு வலித்ததில்லை. இப்போது வலித்தது. இந்த இடத்தை இவருக்குக் காட்டினது ஒரு குரல். அந்தக் குரலிடம் போய், நீங்கள் சொன்னது சரிதான், இது இங்கே இருப்பதுதான் அழகு, எங்கள் ஊரில் இருந்திருந்தால் உப்புக் காற்றில் உளுத்துப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. சுற்றிலும் இருந்த மரக் கைப்பிடியில், தன்னையறியாமல், விரலால் இரண்டு முறை தட்டினார்.

"தட்டாதீங்க சார்," என்றது மூலையிலிருந்து ஒரு குரல். காவல்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது இவர் கண்ணில் படவே இல்லை.

மன்னிச்சிருங்க என்று கையை எடுத்தார். எடுத்த கை பாதியில் நின்றுவிட்டது. தட்டாதீங்கம்மா, இது என்ன கதவா. யாரிடம் சொன்னோம்? சின்னக் கை, மெல்லிய மோதிரம். இரண்டு தட்டு, மூன்று இல்லை. பொறுமையில்லாதவர்கள் இரண்டு தட்டோடு நிறுத்துவார்களா? அந்தக் கைக்குச் சொந்தக்காரி வாய் திறந்து ஒரு வார்த்தை பேசினாளா? பேசவில்லை. கூட வந்த பெண்தான் பேசினாள்.

சேச்சே, இருக்காது என்று சொல்லிக்கொண்டார். வாசல் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். வெளியே வந்ததும் நடை வேகமாகிவிட்டது.

பச்சைக் கேட்டுக்குள் சின்ன வீடு. கதவுக்குப் பக்கத்தில் அழைப்பு மணி இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. விரலை மடக்கிக் கதவில் இரண்டு முறை தட்டினார். உள்ளே ஏதோ பாத்திரம் வைக்கும் சத்தம் சட்டென்று நின்றது.

கதவைத் திறந்தது ஓர் இளம்பெண். நான் ரயில்வே ஸ்டேஷனில், விசாரணையில் என்று இவர் இழுத்தார்.

"தெரியுது, குரல் கேட்டதுமே தெரிஞ்சுது," என்றாள் அவள். "அன்னிக்கு எங்க அத்தையைத் திட்டினீங்களே."

அவள் அந்த அம்மாவின் தம்பி மகளாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அத்தை முதலில் போக ஆசைப்பட்ட இடம் கடல் ஊர்தானாம். பந்தயத்தை எழுதிக் காட்டியிருக்கிறார். உங்களால்தான் சொல்ல முடியாதே, தோற்றதை நான் சொல்லிவிடட்டுமா என்று இவள் கேட்டாளாம். அத்தை வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாராம்.

"தானே தட்டிக்கிறேன்னு எழுதினாங்க. நீங்க புரிஞ்சுப்பீங்களாம்."



திட்டு வாங்கின பிறகும் அத்தை ஊர் திரும்பவில்லை, இவர் சொன்னபடியே கலங்கரை விளக்கத்தில் ஏறி, பாதிப் படியில் சின்ன ஜன்னலைத் தானாகவே கண்டுபிடித்து நின்றாராம். ரொம்ப நேரம் நின்றாராம். அழுதாரா என்று இவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அப்போது உள்ளேயிருந்து அந்த அம்மா வந்தார். உயரமும் இல்லை, வாட்டசாட்டமும் இல்லை. இவர் தோளுக்குக்கூட வரமாட்டார், கண்ணாடி போட்ட சின்ன உருவம், கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. பழக்கமில்லாத முகம். எதிரே இந்த முகம் நின்றும், இவர் அந்தக் குரலைத்தான் எதிர்பார்த்தார். வரட்டும் என்று காத்துக்கூட இருந்தார், பைத்தியக்காரத்தனமாக.

பிறகு ஒரு காரியம் செய்தார். கேட்டுக்கு வெளியே தெருவுக்கு வந்து நின்றுகொண்டு, அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னார்:

"உங்க ஊர்தான் அழகு!"

எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் இறங்கி வந்து பார்த்தார். இவர் திரும்ப வாசலுக்கு வந்தார். குரல் இறங்கிவிட்டது. "அன்னிக்குக் குனிஞ்சு முகத்தைப் பாக்காம போயிட்டேன். எவ்வளவு பெரிய தப்புன்னு இப்பத்தான் தெரியுது. மன்னிச்சிருங்க."

அந்த அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. தலையை இல்லையென்று ஆட்டினார். விரலால் தன் நெஞ்சைத் தொட்டு, அதே விரலை உயர்த்திக் காட்டினார். நான்தான் முதலில் வந்தேன், நான்தான் தோற்றேன் என்கிறார். இவருக்குப் புரிந்தது. நான் உங்களைப் பார்க்கவே இல்லையே, அது கணக்கில் சேராது என்றார். மறுபடியும் தலை ஆடிற்று, மறுபடியும் அந்த ஒற்றை விரல். குரல் போனாலும் பிடிவாதம் போகவில்லை. உள்ளே வாங்க, டீ ஆறிடும் என்று தம்பி மகள் கூப்பிட்ட பிறகுதான் இரண்டு பேரும் வாசலை விட்டு நகர்ந்தார்கள்.

டீ குடித்தார்கள். இவர் திமிங்கலத்தைப் பார்த்த கதையைச் சொன்னார், மணிக்கூண்டு ஓடுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். அந்த அம்மா கேட்டுக்கொண்டார். பக்கத்தில் எழுதும் அட்டை இருந்தது, அதை அவர் அதிகம் எடுக்கவில்லை, எழுதுவது பிடிக்கவில்லை போலிருக்கிறது. நடுநடுவே இவர் பேச்சை நிறுத்துவார், பழக்க தோஷத்தில் பதிலுக்கு இடம் விட்டு. அந்த இடமெல்லாம் வெறுமையாகவே கிடந்தது. அந்தக் கனத்த குரலை, அடக்கின சிரிப்பை இனி எந்த ஊரிலும் கேட்க முடியாது. டீயைக் குடிக்கிற சாக்கில் முகத்தைத் தாழ்த்திக்கொண்டார்.

கிளம்பும்போது அந்த அம்மா கேட்டு வரைக்கும் வந்தார். இரண்டு கைகளாலும் எதையோ கீழிருந்து மேலே தூக்கிக் காட்டினார். இவருக்குப் பிடிபடவில்லை. மறுபடியும் தூக்கினார், கொஞ்சம் எரிச்சலோடு. கவுன்டரின் இரும்புக் கதவு! காலையில் அதைத் தூக்கித் திறக்கிறதைக் காட்டுகிறார். பிறகு கையைக் காதோரம் வைத்துக்கொண்டார்.

"நான் மட்டும் பேசினா எப்படி?" என்றார் இவர்.

அந்த அம்மா காதிலிருந்து கையை எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் இவர் கவுன்டரைத் திறந்ததும், முதல் காரியமாக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த ரயில் நேர அட்டவணையைக் கிழித்து எடுத்துச் சுவரில் ஒட்டினார். போர்ட்டர் ஒருவர் குனிந்து, அட, விசாரணைக்கு முகம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார். மலை ஊர்க் கவுன்டருக்குக் கூப்பிட்டு விடுதி, படகு எல்லாம் எழுதிக்கொண்டார். வைத்துவிட்டு, தம்பி மகள் கொடுத்திருந்த எண்ணைச் சுழற்றினார். எதிர்முனையில் எடுக்கும் சத்தம் கேட்டது. யாரும் ஹலோ சொல்லவில்லை.

"விசாரணை பேசறேன்," என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். எங்கள் ஊரில் இன்றைக்கு எல்லா இடமும் திறந்திருக்கிறது, உங்கள் ஏரியில் படகு இல்லையாம், தண்ணீராவது இருக்கிறதா என்று கேட்டார். இடம் விட்டார். ஒன்றும் வரவில்லை. மலைப்படியைப் பற்றிச் சொன்னார், கடலைப் பற்றிச் சொன்னார், கலங்கரை விளக்கம் உங்கள் கல்லாகவே இருக்கட்டும், அதை நிமிர்த்திக் கட்டினது எங்கள் ஆட்கள் என்றார். தன் குரல் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருப்பது அவருக்கே கேட்டது. அறையில் அடுப்பிடம் பேசுகிறது ஞாபகம் வந்து, வைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றிற்று. வைக்கவில்லை. கடைசிச் சண்டை அந்தரத்தில் நிற்பது நினைவுக்கு வந்தது.

"திமிங்கலத்தைப் பாத்துட்டேன். பாத்துட்டுத்தான் பேசறேன். உங்க ஊர்ல இருக்கு, வாஸ்தவம். ஆனா அது எங்களுது. ஒத்துக்கிறீங்களா?"

ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு காத்திருந்தார். ஒரு மின்விசிறி சுற்றும் சத்தம் வந்தது. மூச்சு விடும் சத்தம் வந்தது. ஜன்னலில் ஒரு கை வந்து நின்றது, இவர் குனிந்து அந்த முகத்தைப் பார்த்து, ஒரு நிமிஷம் என்று ஜாடை காட்டினார்.

"ஒத்துக்கிறீங்களா இல்லையா?"

தட்டும் சத்தம் வருகிறதா என்று கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். வரவில்லை. எதிர்க்கட்சி ஒத்துக்கொள்ளவில்லை.